ரோதைக்குப் பின்னால் பாடியவர்

தொரசாணிக்கு வணக்கம்.

இன்று காலை ஏழாம் நம்பர் மலையில் தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலை. மலையின் மேல் ஓரத்தில் காற்றுக்கு மறைப்பாக நிற்கிற தைலமரம் ஒன்றின் கிளை முறிந்து தேயிலைச் செடிகள் மேல் விழுந்து கிடந்தது. அதை இழுத்துப் போடும்போது இலைகள் கையில் நசுங்கின. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கங்காணி வந்து இடுப்பு பிடித்துக்கொண்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உங்கள் கோட்டுப் பையில் எப்போதும் இந்த இலை இருக்கும், பாடுவதற்கு முன்னால் அதைக் கசக்கி மோந்து பார்ப்பீர்கள், அந்த நீங்கள் செத்துப்போனீர்கள் என்று பத்து நாளைக்கு முன்னால்தான் எனக்குத் தெரிந்தது என்றெல்லாம் அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். செத்தவருக்குக் கடிதம் எழுதுகிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். சொல்லட்டும். உங்களிடம் நான் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அதைத் திருத்தாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நீங்கள் அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்கு வந்தது இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருடம். தோட்டத்து ஆட்களான எங்களுக்கு இனி வாக்குரிமை இல்லை என்று ஆகிக்கொண்டிருந்த சமயம். நாங்கள் குடியிருக்கிற லயத்தில் கவலைப்பட வேறு விஷயம் நிறைய இருந்தது. அதையும் மீறி உங்களைப் பற்றிய பேச்சுதான் ஓடியது. பெரிய தொரை கட்டிக்கொண்டு வந்திருக்கிற புதுத் தொரசாணி இங்கிலீஷ்காரி இல்லையாம், பிரான்சுக்காரியாம், மேடையில் பாடுகிறவளாம், கூத்தில் நடிக்கிறவளாம். சொன்னவர் உங்கள் பங்களாவில் சமைத்த அப்பு. அவர் சொன்னால் பாதிதான் நம்புவோம். ஆனால் உங்கள் தமிழைக் கேட்டதும் மீதியையும் நம்பினோம்.

தொரைமார் தமிழ் என்ன தமிழ்? வா, போ, வெட்டு, கொண்டா. புத்தகத்தைப் பார்த்துப் படித்த தமிழ். நீங்கள் ஆயாவிடம் படித்தீர்கள். ஆயா உங்களிடம் எப்படி மரியாதையாகப் பேசினாளோ அதே மரியாதையை வாசல் கூட்டுகிறவளுக்கும் திருப்பிக் கொடுத்தீர்கள். "வாங்க, குந்துங்க" என்றீர்கள். தொரைக்கு அது பெரிய வெட்கக்கேடு. எங்களுக்கு முதலில் சிரிப்பு, அப்புறம் சங்கடம், அப்புறம் பழகிவிட்டது.

வந்த வருடம் நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் விருந்தில் டவுன் கிளப்பில் நீங்கள் பாடினீர்களாம். மற்றத் தொரசாணிமார் கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தார்களாம். பாட்டுக்காரியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டானே என்று தொரையின் காதில் விழுகிற மாதிரி யாரோ சொன்னார்களாம். மறுநாள் பங்களாவில் பியானோவைப் பூட்டிச் சாவியைத் தொரை எடுத்துக்கொண்டார் என்று அப்பு சொன்னார். அதற்குப் பிறகு நாலு வருடம் பங்களாவிலிருந்து பாட்டுச் சத்தமே வரவில்லை. எங்களுக்கு நீங்கள் தோட்டத்தில் தொப்பியோடு நடக்கிற ஒரு வெள்ளைக்கார அம்மாள், அவ்வளவுதான்.

அந்த நாலாவது வருடத்தின் மாசி மாதம் வந்தது. வழக்கம்போல் பதினைந்து நாள் காமன் கூத்துக் கட்டினோம். சிவன் கண்ணைத் திறந்து காமனை எரித்துவிட, ரதி அழுவாள். அந்த ரதி வேடம் பத்து வருடமாக எனக்குத்தான். ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் கொழுந்து அரைக்கிற வேலைக்காரன் நான், மாசி பிறந்தால் மட்டும் சேலை கட்டுவேன். என் ஒப்பாரிக்கு அழாத லயம் இந்தத் தோட்டத்தில் இல்லை என்ற திமிர் எனக்கு நிறைய உண்டு. வழக்கப்படி காமன் எரிகிற நாளன்று பகலில் பங்களா வாசலில் ஆடினோம். தொரை ரெண்டு நிமிடம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்த வருடம்தான் முதல் தடவையாக நீங்கள் படியிலேயே உட்கார்ந்து கடைசிவரை பார்த்தீர்கள். ஆட்டம் முடிந்து நான் சவுரியைக் கழற்றியபோது உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து எங்கள் தப்பு மேளக்காரர் சிரித்துவிட்டார். நிஜப் பெண்பிள்ளைதான் அழுகிறாள் என்று நினைத்திருக்கிறீர்கள்.

ரெண்டு நாள் கழித்து ஸ்டோருக்கு வந்து, ரதி எங்கே என்று கேட்டு என்னைத் தேடிப் பிடித்தீர்கள்; உங்களுக்கு நான் கடைசிவரை ரதிதான். கூத்து நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் வருகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்டது வேறு.

"பதினஞ்சு நாள், இந்தக் குளிர்ல, எப்பிடிங்க தொண்டை போகாம இருக்கு?"

யாரும் என்னிடம் அதுவரை கேட்காத கேள்வி. "தொண்டைய நம்பக் கூடாதுங்க தொரசாணி. வயித்தப் புடிச்சுப் பாடணும்" என்றேன். நீங்கள் கையை உங்கள் வயிற்றில் வைத்து மூச்சை இழுத்துப் பார்த்தீர்கள். பதினேழு வயதில் உங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்களாம். மறந்துவிட்டதாம். அதோடு போயிருந்தால் நல்ல பெயர் வாங்கியிருப்பீர்கள். போகிற போக்கில் திரும்பி, "வலது கை அழுவுதுங்க. இடது கை அழுவலைங்க. சும்மா தொங்குது" என்றீர்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. வெள்ளைக்காரி எனக்கு ஒப்பாரி சொல்லித் தருகிறாள் என்று அன்று லயம் முழுவதும் சொல்லித் திரிந்தேன். மறுவருடம் இடது கையையும் அழவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த வருடம்தான் என் மாமியார் எனக்காக முதல் தடவை அழுதார்.

அதே மாசியில் அடுத்த முறை வந்தபோது ஒரு கடிதத்தைக் காட்டினீர்கள். பாரிசில் உங்களோடு நடித்த சிநேகிதி எழுதியது. புது நாடகம் ஒன்று போடுகிறார்கள், நாற்பது வயதுப் பெண் வேடம், பாட்டு நிறைய, ஆவணியில் வந்து பாடிக் காட்டினால் தருவார்கள். தொரையிடம் கேட்டீர்களாம். குரல் இருந்தால் போ, இல்லாவிட்டால் இந்தப் பேச்சையே மறுபடி எடுக்காதே என்றாராம். தயாரானதும் அவர் முன்னால் ஒரு தடவை பாடிக் காட்டுவதென்று பேச்சு. கப்பல் ஆனியில். பங்களாவில் பழகினால் உடைந்த குரலை அவர் கேட்டுவிடுவார், கேட்டால் அன்றோடு முடிந்தது. அதனால் சத்தம் போட ஒரு இடம் வேண்டும் என்றீர்கள். நான் யோசிக்கவே இல்லை. கொழுந்தை அரைத்துச் சுருட்டுகிற எங்கள் ரோதை ஓடும்போது பக்கத்தில் வெடி வெடித்தாலும் கேட்காது. என்னுடையது கடைசி ரோதை. அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கிற இடம் உண்டு, விறகுக் கொட்டகைப் பக்கம் பின்கதவும் உண்டு. தொரை பெரட்டுக்குப் போய் அன்றைய வேலைக்கு ஆள் பிரித்து மலைக்குப் போகிற காலை நேரத்தில் வாங்க என்று சொல்லிவிட்டேன். தொரைக்குத் தெரிந்தால் என் வேலை போகும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

முதல் நாள் உங்கள் குரலைக் கேட்டு எனக்கே பாவமாக இருந்தது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான். கீழே இருக்கும்வரை சரி, மேலே ஏறும்போது நடுவழியில் ஒடிந்தது. நீங்கள் அழுவீர்கள் என்று நினைத்தேன். தைல இலையைக் கசக்கி மோந்துவிட்டு மறுபடி கீழேயிருந்து ஆரம்பித்தீர்கள். மறுபடி ஒடிந்தது. மறுபடி. சொல் கிடையாது, ஆ என்று ஏறி ஆ என்று இறங்குகிற வெறும் சத்தம். அப்படி ஒரு மாதம். மழை நாளிலும் குடையில்லாமல் வந்தீர்கள், குடை இருந்தால் பங்களாவில் தேடுவார்கள் என்று. அட்டை கடித்த காலோடு நின்றீர்கள்.

மூச்சு வாங்குகிற நேரத்தில் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து உங்கள் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னீர்கள். அப்பா துறைமுகத்தில் வலை பின்னுகிறவர். அம்மா மீன் விற்பவர். மீன்கூடைக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் பாடினால் கப்பல்காரர்கள் அம்மாவிடம் மீன் வாங்குவார்களாம். பதினேழு வயதில் பாரிசுக்கு ஓடினீர்கள். மூன்று வருடம் ஒரே நாடகத்தில் வேலைக்காரி வேடம், "கதவைச் சாத்தட்டுமா அம்மா" என்று ஒரே ஒரு வசனம். தினமும் அதை வேறு வேறு மாதிரிச் சொன்னதால்தான் பெரிய வேடம் கிடைத்தது என்றீர்கள். பிறகு பாட்டு, இசைத்தட்டு, ரெண்டு சினிமா. ஒன்றில் உங்கள் முகம் வந்ததாம், இன்னொன்றில் வேறொருத்தியின் முகத்துக்கு உங்கள் குரல். அப்புறம் யுத்தம். நாட்டைப் பிடித்த பட்டாளத்து அதிகாரிகள் கொட்டகையில் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பாட மாட்டேன் என்று மேடையை விட்டு இறங்கி, யுத்தம் முடியும்வரை துணி வெளுத்தீர்கள்.

"அப்போ நானே வாயை மூடினேங்க. அது வேற. இங்க என் வாயை மூடிட்டாங்க. இது வேற" என்றீர்கள். அதை நான் மறக்கவே இல்லை.

வைகாசி நடுவில் உங்கள் குரல் திரும்பத் தொடங்கியது. பாட்டே பாட ஆரம்பித்தீர்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் வழி தெரிந்துவிட்டது. பாட்டின் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஏற்றம் வரும். எல்லாம் ஏறிவிடுவீர்கள், அந்த ஒரு இடத்தில் மட்டும் குரல் பிசிறும். பத்துத் தடவை பாடினால் எட்டுத் தடவை பிசிறியது. கப்பலுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

இங்கேதான் எங்கள் ஆட்கள் காரியத்தைக் கெடுத்தார்கள். ரோதைச் சத்தத்துக்குள்ளே ஒரு பெண்குரல் கேட்கிறது என்று முன் ரோதைக்காரன் ஒருவன் ஆரம்பித்தான். இன்னொருவன் தானும் கேட்டதாகச் சொன்னான். சொல் இல்லாமல் அழுகிறது, ஏறுகிறது, இறங்குகிறது என்றான். அந்த வாரம் பார்த்து மெஷினின் வார்ப்பட்டை அறுந்து ஒருவன் தோளில் அடித்தது. அவ்வளவுதான். ரோதைக்குள் குடியிருக்கிற எங்கள் சாமி ரோதமுனி. அவருக்குத்தான் கோபம், போன வருடம் படையலில் குறை வைத்துவிட்டோம் என்று முடிவாகிவிட்டது. நான் என்ன சொல்ல முடியும்? முனி இல்லை, பெரிய தொரையின் சம்சாரம் என்றா? வாயைப் பொத்திக்கொண்டு நானும் தேங்காய் தருவதாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பகல் வேலை முடிந்த பிறகு பூசை என்றார்கள். உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் காலையில் வந்து போய்விடுவீர்களே என்ற எண்ணம்.

வெள்ளி காலை நீங்கள் உள்ளே வந்து பாட ஆரம்பித்த பிறகுதான் எனக்குச் சேதி வந்தது. தொரைக்குப் பகலில் டவுனில் வேலையாம், பூசைக்கு முதல் மாலை அவருக்குத்தானே, அதனால் இப்போதே வைத்துவிடலாம் என்று ஸ்டோருக்குப் பெரியவரான டீமேக்கர் ஐயா சொல்லிவிட்டாராம். திரும்பிப் பார்க்கிறேன், முன்வாசலில் தப்போடு ஆட்கள் வருகிறார்கள். சேவல், சுருட்டு, சாராயப் போத்தல், நடுவில் கழுத்தில் செவ்வந்தி மாலையோடு தொரை. நான் உங்கள் பக்கம் ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தீர்கள். கையைத் தொடலாமா கூடாதா என்று நான் தயங்கிய அந்த நேரத்துக்குள் பூசைக்காக மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

ரோதை நின்றது. நீங்கள் நிற்கவில்லை.

அந்தக் குரல் ஸ்டோர் முழுவதும் போனதை நான் எப்படி எழுதுவது? தகரக் கூரை அதிர்ந்தது. தப்புக்காரர் கையைத் தூக்கியபடியே நின்றுவிட்டார். பூசாரி கிழவர் தரையில் விழுந்து கும்பிட்டார். நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். கற்பூரத் தட்டு, சேவல், நாற்பது பேர், மாலையோடு உங்கள் புருசன், எல்லாவற்றையும் பார்த்தீர்கள். அந்த இடத்தில் நானாக இருந்தால் பின்கதவால் ஓடியிருப்பேன். நீங்கள் ரோதையைச் சுற்றி முன்னால் வந்தீர்கள், பாடிக்கொண்டே. அந்த ஏற்றம் வருகிறது என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. ரோதமுனியே, இந்த ஒரு தடவை மட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது பொய்யில்லை. நீங்கள் வலது கையை வயிற்றில் வைத்தீர்கள். ஏறினீர்கள். பிசிறவில்லை.

முடித்துவிட்டுத் தொரையைப் பார்த்து, எங்கள் எல்லாருக்கும் விளங்கட்டும் என்று தமிழிலேயே கேட்டீர்கள்.

"குரல் இருக்குங்களா?"

தொரை மாலையைக் கழற்றி டீமேக்கரிடம் கொடுத்தார். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். இருக்கிறது, போகலாம் என்றார் என்று டீமேக்கர் ஐயா எங்களுக்குச் சொன்னார். அடுத்த கேள்வியை அவர் தமிழில்தான் கேட்டார். இவளை உள்ளே விட்டது யார்? நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். உங்கள் விருப்பத்தில்தான் வந்தீர்கள், ரதியை ஒன்றும் செய்யக் கூடாது என்றீர்கள். தொரை தலையை ஆட்டினார். நாற்பது பேர் பார்த்தோம்.

ஆனி மாதம் நீங்கள் போனீர்கள். உங்களை ரயிலுக்கு ஏற்றிப்போகிற கார் ஸ்டோர் வாசலில் நின்றது, நீங்கள் இறங்கி ரோதையைத் தொட்டுக் கும்பிட்டீர்கள். ரோதமுனி உங்கள் ஆள் ஆகிவிட்டார் என்று எல்லாரும் சிரித்தோம்.

பத்தாம் நாள் பெரட்டில் என் பேர் கவ்வாத்துக்கு விழுந்தது. காரணம் கேட்டேன், மேலே உத்தரவு என்றார்கள். டீமேக்கர் ஐயா நல்ல மனுசன், கூப்பிட்டு வழி சொன்னார். தெரியாமல் விட்டுவிட்டேன், தப்புத்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடு, மறுபடி ஸ்டோருக்கு எடுக்கச் சொல்கிறேன் என்றார். தெரிந்துதான் விட்டேன், தப்புமில்லை என்றேன். என் சம்சாரம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "அவுங்க பாடுனாங்க, நம்ம நனையுறோம்" என்றாள். அவள் சொன்னதில் பிழையில்லை. எனக்கு உங்கள் மேல் கோபமே இல்லை என்று எழுதினால் இன்னொரு பொய் ஆகிவிடும். முதல் மழைக்காலத்தில், மலையில் விறைத்த கையோடு கத்தி பிடிக்க முடியாமல் நின்றபோது, உங்களை நன்றாகத் திட்டியிருக்கிறேன். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட ஒரு நாளும் நினைக்கவில்லை. போட்டால் நீங்கள் அங்கே பாடியதே தப்பு என்று ஆகிவிடும் அல்லவா?

மறுவருடம் உங்கள் கடிதம் டவுனில் நானா கடை முகவரிக்கு வந்தது. ரேடியோ திருத்துகிற, இசைத்தட்டு விற்கிற நானாவை உங்களுக்கு நினைவிருக்கும். இங்கிலீஷில் இருந்த அதை அவர்தான் தமிழில் வாசித்துச் சொன்னார். வேடம் கிடைத்துவிட்டது, கொட்டகை நிறைகிறது, கடைசி ஏற்றம் இப்போது பிசிறுவதே இல்லை. முடிவில் கேட்டிருந்தீர்கள்: ரதி, நீங்கள் இன்னும் அந்த ரோதையில்தான் நிற்கிறீர்களா? தொரை வாக்கைக் காப்பாற்றினாரா?

"ரோதை நல்லா ஓடுது, நானும் அங்கதான் நிக்கிறேன்னு எழுதுங்க நானா" என்றேன். நானா என் கையில் கத்தி காய்ப்பேற்றிய இடத்தைப் பார்த்தார். பிறகு நான் சொன்னதையே இங்கிலீஷில் எழுதினார். தெரிந்தால் நீங்கள் அங்கே மேடையில் நின்று என் நினைப்பில் வாயடைத்துப் போவீர்கள் என்று பயந்தேன். இதுதான் அந்தப் பொய். ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டீர்கள், ஒவ்வொரு தடவையும் அதையே எழுத வைத்தேன். பன்னிரண்டு வருடமாக நான் நிற்பது மலையில்தான் தொரசாணி. தெரிந்துகொள்ளுங்கள்.

பத்து நாளைக்கு முன்னால் நானா ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இங்கிலீஷ் பத்திரிகையில் நீங்கள் செத்த சேதி, எட்டு வரி. ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். பாடகி, நடிகை. நாற்பது வயதில் மேடைக்குத் திரும்பி, முன்னைவிடப் பெரிய பேர் எடுத்தவர். நடித்த நாடகங்கள், வந்த இசைத்தட்டுகள். எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த வரியை நானா ரெண்டு தடவை வாசித்துவிட்டுச் சொன்னார். இடையில் சில வருடங்கள் இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாட்டை விட்டுவிட்டு நிம்மதியாக ஓய்வெடுத்தாராம்.

ஓய்வாம். அட்டை கடித்த காலும், நூறு தடவை ஒடிந்த குரலும், நாற்பது பேர் முன்னால் நின்ற நிலையும் ஓய்வா? தொரையும் சீமைக்குப் போய்விட்டார், டீமேக்கர் ஐயாவும் இல்லை. நான் பேசாமல் இருந்தால் அந்த வரிதான் உண்மையாக நிற்கும். என் வேலை போனது உங்கள் ஓய்வுக்காக அல்ல.

நேற்று சாயங்காலம் நானா கடைக்குப் போனேன். பத்திரிகைக்காரர்களுக்கு எழுதச் சொன்னேன். அந்த அம்மாள் இங்கே பாட்டை விடவில்லை, பியானோவைப் பூட்டினார்கள், அப்போதும் அவர் விடவில்லை, மூன்று மாதம் காலையில் ரோதைக்குப் பின்னால் நின்று பாடிக் குரலைத் திரும்ப எடுத்துக்கொண்டுதான் கப்பல் ஏறினார். இதை நம்ப மாட்டார்கள் என்றார் நானா. நம்பாவிட்டால் இன்னொன்று எழுதுவோம், அதையும் நம்பாவிட்டால் இன்னொன்று என்றேன். அவர் சிரித்துக்கொண்டே எழுதி முடித்தார். அடியில் சாட்சியின் பேரும் தொழிலும் வேண்டும் என்றார். பேரைச் சொன்னேன். தொழிலுக்கு, பழக்க தோசத்தில், ஸ்டோர் என்று எழுதப் போனவரின் கையைப் பிடித்தேன்.

"கவ்வாத்துன்னு போடுங்க நானா. அந்தப் பாட்டாலதான் கவ்வாத்துன்னு போடுங்க."